டிவியில் கேம் ஆடும்போது எச்டிஆர் வெளிறிப்போகிறதா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

கணினியை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகப் பெரிய டிவியில் இணைத்து, விண்டோஸில் எச்டிஆரை, அதாவது ஒளியையும் நிறத்தையும் அகன்ற வீச்சில் காட்டும் பட முறையை, இயக்கியதும் படம் பொலிவு பெறும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறோம். பலருக்கு நேர்மாறாக நடக்கிறது. கறுப்பு சாம்பலாகிறது, சிவப்பு மங்குகிறது, பலமுறை துவைத்த துணிபோல முழுப் படமும் சாயம் போய் நிற்கிறது. அந்த நேரத்தில் கை தானாகவே டிவியின் நிறச்செறிவையும் கான்ட்ராஸ்டையும் கூட்டப் போகும். தயவுசெய்து அங்கே போகாதீர்கள்.

பெரும்பாலான நேரங்களில் நிறம் எங்கும் தொலைந்துபோவதில்லை. கணினி ஒரு கணக்கில் அனுப்பிய சிக்னலை டிவி வேறொரு கணக்கில் படித்துவிடுகிறது, அவ்வளவுதான். அந்த நிலையில் செறிவைக் கூட்டினால் கோளாறு மறையுமே தவிரப் போகாது. பிறகு ஒருநாள் உண்மையான காரணம் சரியாகும்போது முகங்கள் எல்லாம் செங்கல் நிறத்தில் தெரியும். எனவே இந்த வழிகாட்டியில் நிறத்தைத் தொடும் வேலையே கிடையாது. டிவி, இணைப்பு, கறுப்பு அளவு, டிவியின் பட அமைப்பு, விண்டோஸ், கடைசியாகக் கேம் என்ற வரிசையில் போவோம். வரிசையை மாற்ற வேண்டாம். முந்தைய படி தவறாக இருக்கும்போது பிந்தைய படியில் செய்யும் அளவீடு முழுவதும் வீணாகும்.

முதலில் கண்ணால் பாருங்கள்: எது வெளிறியிருக்கிறது?

ஒரே சொல்லால் எல்லோரும் விவரித்தாலும் வெளிறல் பல வகை. எது உங்களுடையது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கறுப்பு, வெள்ளை, நிறம் என்று எல்லாமே சேர்ந்து மங்கியிருந்தால், குறிப்பாக வெள்ளைகூட அழுக்குச் சாம்பலாகத் தெரிந்தால், டிவிக்கு வந்துகொண்டிருப்பது எச்டிஆர் சிக்னல் என்பதே டிவிக்குத் தெரியவில்லை என்று பொருள். இது ஏன் இப்படித் தெரிகிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. எச்டிஆரின் பொதுவான வடிவமான எச்டிஆர்10 சிக்னல், எந்த எண்ணுக்கு எவ்வளவு ஒளி என்று சொல்லும் பிக்யூ என்னும் வளைவைப் பயன்படுத்துகிறது. 2014-இல் எஸ்டி 2084 என்ற தரமாக வெளியான அந்த வளைவு, 0 முதல் 10,000 நிட் (நிட் என்பது திரை ஒளியின் அலகு) வரையிலான ஒளியை ஒரே அளவுகோலில் அடக்குகிறது. அவ்வளவு பெரிய வீச்சை அடக்குவதால், சாதாரண வெள்ளைக்கு உரிய 203 நிட் அந்த அளவுகோலில் 58 சதவீதத்திலேயே வந்துவிடுகிறது. கண்ணைப் பறிக்கும் 1,000 நிட்கூட 75 சதவீதம்தான். இதை எச்டிஆருக்கு முந்தைய சாதாரண முறையான எஸ்டிஆர் கணக்கில் படிக்கும் டிவி, 58 சதவீதத்தை வெள்ளை என்று எப்படி எடுத்துக்கொள்ளும்? நடுச்சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். நிறங்களும் அப்படியே. பிடி.2020 என்ற அகன்ற நிறவெளியில் எழுதப்பட்ட சிவப்பைக் குறுகிய நிறவெளியில் படித்தால் அது சோர்ந்துபோன சிவப்பாகத்தான் வரும்.

வெளிச்சமான பகுதிகள் நன்றாக இருந்து, இருட்டு மட்டும் புகை படிந்ததுபோல் தெரிந்தால் அது வேறு வகை. கறுப்பு அளவுப் பொருத்தமின்மை, டிவியின் கேம் வசதிகள், விண்டோஸின் வளைவு ஆகிய மூன்றில் ஒன்று அங்கே வேலை செய்கிறது.

டெஸ்க்டாப்பும் உலாவியும் மட்டும் மங்கலாக இருந்து, எச்டிஆர் கேமுக்குள் போனதும் படம் அழகாக இருக்கிறதா? அப்படியானால் உங்களுக்குப் பெரிய கோளாறு எதுவும் இல்லை. விண்டோஸ் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஒரே ஒரு கேம் மட்டும் வெளிறினால் கேம் பகுதிக்குப் போங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஸ்கிரீன்ஷாட்டையோ கைப்பேசியில் எடுத்த புகைப்படத்தையோ வைத்து இதைத் தீர்மானிக்க வேண்டாம். எச்டிஆர் இயங்கும்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை எஸ்டிஆர் கோப்பாகச் சேமித்தால், படம் சரியாக இருந்தாலும் கோப்பு வெளுத்தோ மங்கியோ வரக்கூடும். பதிவு செய்யும் மென்பொருள்களுக்கும் இது பொருந்தும். நண்பரிடம் உதவி கேட்டு அப்படி ஒரு படத்தை அனுப்பினால், அவர் இல்லாத கோளாறுக்கு மருந்து சொல்லுவார்.

படி 1: டிவியைத் தனியாகச் சோதியுங்கள்

கணினியை மறந்துவிட்டு, டிவியிலேயே உள்ள வீடியோ செயலியில் ஓர் எச்டிஆர் வீடியோவை ஓடவிடுங்கள். அது செழிப்பாகத் தெரிந்தால் டிவியின் திரையில் குறையில்லை. கோளாறு கணினிப் பக்கத்திலோ இணைப்பிலோ இருக்கிறது. அதுவும் வெளிறியிருந்தால் படி 4-ஐ முதலில் முடித்துவிட்டு இங்கே திரும்பி வாருங்கள்.

பிறகு கணினி இணைந்திருக்கும் உள்ளீட்டுக்கு மாறி, எச்டிஆரை இயக்குங்கள். விண்டோஸ், ஆல்ட், பி (B) ஆகிய மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினால் எச்டிஆர் மாறிமாறி இயங்கி அணையும். இயங்கும் கணத்தில் திரை ஒருமுறை கறுத்துவிட்டு, டிவியின் மூலையில் எச்டிஆர் சின்னம் தோன்ற வேண்டும். சில டிவிகளில் பட அமைப்பு மெனுவுக்குள் போனால்தான் அந்தச் சின்னம் தெரியும். சின்னம் வந்தால் சிக்னல் அடையாளம் காணப்பட்டுவிட்டது. வரவில்லையென்றால் வேறு எதையும் தொடாமல் அடுத்த படிக்குப் போங்கள்.

எஸ்டிஆர் படத்தையே எச்டிஆர்போலக் காட்டும் 'எச்டிஆர் எஃபெக்ட்' போன்ற பட முறைகள் பல டிவிகளில் இருக்கின்றன. அவற்றின் பெயரைப் பார்த்து எச்டிஆர் இயங்குகிறது என்று எண்ணிவிட வேண்டாம். உண்மையான எச்டிஆர் சிக்னலோடு அவற்றுக்குத் தொடர்பே இல்லை.

படி 2: போர்ட், கேபிள், நடுவில் இருப்பவை

பல டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட் ஒவ்வொன்றும் முழு அகலத்தில் இயங்கும்படி தனித்தனியாக இயக்கப்பட வேண்டும். சாம்சங் இதற்கு 'இன்புட் சிக்னல் பிளஸ்' என்றும், எல்ஜி 'எச்டிஎம்ஐ டீப் கலர்' என்றும், சோனி 'எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்' என்ற தலைப்பின் கீழ் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்' என்றும் பெயரிட்டிருக்கின்றன. போர்ட் 1-இல் இயக்கினால் போர்ட் 3-இலும் இயங்கும் என்று நம்ப வேண்டாம். நீங்கள் கேபிளைச் செருகியிருக்கும் போர்ட்டையே பாருங்கள். இது அணைந்திருந்தால் விண்டோஸில் எச்டிஆர் தெரிவே காட்டப்படாமல் போகலாம்.

அடுத்தது கேபிள். எச்டிஎம்ஐ 2.0 இணைப்பு நொடிக்கு 18 கிகாபிட் வரை தாங்கும். 4கே, 60 ஹெர்ட்ஸ், 10 பிட் (நிறப் படிகளின் நுணுக்கம்), நிறத்தகவலைச் சுருக்காத முழு ஆர்ஜிபி என்ற சேர்க்கைக்கு 22 கிகாபிட்டுக்கும் மேல் வேண்டும். ஆகவே அந்த இணைப்பில் 10 பிட் வேண்டுமென்றால் நிறத்தகவலைச் சுருக்கும் 4:2:2 முறைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் 8 பிட்டில் நிற்க வேண்டும். 4கே, 120 ஹெர்ட்ஸ், 10 பிட் ஆர்ஜிபி வேண்டுமென்றால் ஏறத்தாழ 40 கிகாபிட் தேவை. அதற்கு எச்டிஎம்ஐ 2.1 போர்ட்டும், 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்று சான்று பெற்ற கேபிளும் இருக்க வேண்டும்.

இந்த எண்களைப் பார்த்து ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 8 பிட் என்பது வெளிறலுக்குக் காரணமாகாது. மாலை வானம் பட்டை பட்டையாகத் தெரிந்தால் பிட் ஆழம் குறைவு. சிறு எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசிந்தால் 4:2:2 அல்லது 4:2:0 காரணம். கேபிள் தரமற்றது என்றால் திரை விட்டுவிட்டுக் கறுக்கும், புள்ளிகள் மின்னும். இவை எதுவும் கறுப்பைச் சாம்பலாக்காது. வெளிறல் என்ற ஒரே புகாருக்காக விலை உயர்ந்த கேபிள் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் நடுவில் இருக்கும் பெட்டிகளைச் சந்தேகிக்கலாம். ஒலிப் பெருக்கி ரிசீவர், எச்டிஎம்ஐ பிரிப்பான், காணொளிப் பதிவுக் கருவி, டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று எச்டிஆர் குறித்த துணைத் தகவலை விழுங்கிவிட்டால், டிவிக்குப் படம் மட்டும் போய்ச் சேரும், 'இது எச்டிஆர்' என்ற செய்தி போய்ச் சேராது. முழுப்படமும் சாம்பலாவதற்கு இது முக்கியமான காரணம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து டிவிக்கு நேரடியாக ஒரே கேபிளைப் போடுங்கள். கோளாறு நீங்கினால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம்.

கணினியில் வேறொரு மானிட்டரும் இருந்தால் விண்டோஸ், பி (P) விசைகளை அழுத்தி 'இரண்டாம் திரை மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எச்டிஆர் இல்லாத மானிட்டரோடு டிவியைப் பிரதி எடுக்கும் முறையில் வைத்தால் எச்டிஆர் சரியாகக் கிடைக்காமல் போகலாம்.

படி 3: கறுப்பு அளவு, அதாவது முழு வீச்சும் குறுகிய வீச்சும்

இருட்டுப் பகுதி புகைபடிந்து தெரிபவர்கள் இந்தப் படியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மிக அதிகம் பேரைப் படுத்தும் இடமும், மிக எளிதாகத் தீரும் இடமும் இதுவே.

கணினி உலகில் கறுப்பு என்றால் 0, வெள்ளை என்றால் 255. தொலைக்காட்சி உலகில் கறுப்பு 16, வெள்ளை 235. எச்டிஆரின் 10 பிட் எண்கள் வேறாக இருந்தாலும் இந்தப் பிரிவினை அப்படியே தொடர்கிறது. இரண்டு தரப்பும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றினால் எது என்பது ஒரு பொருட்டே இல்லை. கணினி 16-ஐக் கறுப்பு என்று அனுப்ப, 0 வரும் என்று டிவி காத்திருந்தால், கறுப்பு சாம்பலாகத் தெரியும். வெள்ளையும் முழு ஒளியை எட்டாது. எதிர்த்திசையில் பொருந்தாவிட்டால் படம் ஆழமாகத் தெரியும், ஆனால் நிழலில் உள்ள விவரங்கள் எல்லாம் கறுப்புக்குள் மூழ்கிவிடும். இரண்டாவது நிலையைச் சிலர் 'நல்ல கான்ட்ராஸ்ட்' என்று நம்பி அப்படியே விட்டுவிடுகிறார்கள். குகைக்குள் எதிரி நிற்பது தெரியாமல் போகும்போதுதான் விளைவு புரியும்.

எச்டிஆரை அணைத்துவிட்டே இதைச் சோதிக்கலாம், அதுவே எளிது. முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திரை நிரம்பத் திறந்து, அறை விளக்கை அணையுங்கள். ஓஎல்இடி திரையில் கறுப்பு என்றால் திரை அணைந்ததுபோலவே இருக்க வேண்டும். எல்சிடி திரையில் பின்னொளி சற்றுக் கசியும், அதனால் டிவியை அணைத்துவைத்த நிலையோடு ஒப்பிடாமல், டிவியின் சொந்தச் செயலியில் வரும் கறுப்புக் காட்சியோடு ஒப்பிடுங்கள். 1 முதல் 25 வரையிலான கறுப்புப் பட்டைகளைக் காட்டும் சோதனைப் படம் கிடைத்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். சரியான அமைப்பில் முதல் சில பட்டைகள் மட்டும் பிரித்தறிய முடியாதபடி இருக்கும். அதன் பிறகு ஒவ்வொன்றாக மெல்லத் தெளியும்.

என்விடியா கார்டு என்றால் கட்டுப்பாட்டுப் பலகையில் தெளிவுத்திறன் பக்கத்துக்குப் போங்கள். அங்கே 'என்விடியா நிற அமைப்புகள்' என்பதைத் தேர்ந்தெடுத்து, வடிவம் ஆர்ஜிபி, வீச்சு 'ஃபுல்' என்று வையுங்கள். அந்தப் பக்கத்தில் தெளிவுத்திறன் பட்டியல் இரண்டு பிரிவுகளாக இருப்பதைக் கவனியுங்கள்: மேலே தொலைக்காட்சித் தெளிவுத்திறன்கள், கீழே கணினித் தெளிவுத்திறன்கள். மேலே உள்ளதைத் தேர்ந்தெடுத்து, நிற அமைப்பை இயல்புநிலையில் விட்டால் டிரைவர் குறுகிய வீச்சையே அனுப்பக்கூடும். நீங்கள் எதையும் மாற்றாதபோதும் கறுப்பு திடீரென்று வெளிறுவதற்கு இது ஒரு காரணம். புதிய டிரைவர் நிறுவிய பிறகு இந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்ல பழக்கம். ஏஎம்டி கார்டு என்றால் அட்ரினலின் மென்பொருளின் காட்சிப் பிரிவில் 'பிக்சல் ஃபார்மட்' என்பதற்குக் கீழ் ஆர்ஜிபி 4:4:4, 'ஃபுல் ஆர்ஜிபி' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

டிவியில் இதன் மறுபாதி இருக்கிறது. எல்ஜியில் 'பிளாக் லெவல்': 'லோ' என்றால் குறுகிய வீச்சு, 'ஹை' என்றால் முழு வீச்சு. சாம்சங்கில் 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்': 'லோ' குறுகியது, 'நார்மல்' முழுமையானது. சோனியில் 'எச்டிஎம்ஐ வீடியோ ரேஞ்ச்' என்று நேரடியாகவே இருக்கும். எல்லாவற்றிலும் 'ஆட்டோ' உண்டு. பெரும்பாலும் அது சரியாகவே இயங்கும். ஆனாலும் சந்தேகம் இருக்கும்போது கணினியிலும் டிவியிலும் கைப்பட 'முழு' என்றே வைத்துவிடுங்கள். அதே உள்ளீட்டில் வேறு கருவிகளையும் இணைப்பவர்கள் மட்டும் 'ஆட்டோ'வை விரும்பலாம். 4:2:2 பயன்படுத்துபவர்களுக்கு வீச்சு குறுகியதாகவே இருக்கும். அங்கே டிவியும் குறுகியதில் இருக்கட்டும்.

டிவியின் உள்ளீட்டுப் பட்டியலில் அந்தப் போர்ட்டுக்குக் கணினி என்ற சின்னத்தையும் கொடுத்துவிடுங்கள். சில டிவிகளில் சுருக்காத முழு 4:4:4 நிறத்தை அப்போதுதான் பெற முடியும்.

படி 4: டிவியின் பட அமைப்புகள்

எச்டிஆர் சிக்னல் வந்ததும் டிவி தனியொரு அமைப்புத் தொகுதிக்கு மாறிவிடும். எஸ்டிஆரில் நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த அமைப்பு எதுவும் அங்கே இருக்காது. ஆகவே எச்டிஆர் இயங்கிக்கொண்டிருக்கும்போதே மெனுவைத் திறந்து இவற்றைச் செய்யுங்கள்.

கேம் மோடைத் தேர்ந்தெடுங்கள், தாமதம் குறையும். பின்னொளி அல்லது ஓஎல்இடி ஒளி உச்சத்தில் இருக்கட்டும், கான்ட்ராஸ்ட் அதன் இயல்புநிலையில் இருக்கட்டும். எல்சிடி டிவியில் பின்னொளியைப் பகுதி பகுதியாகக் குறைக்கும் பகுதிவாரி மங்கல் வசதி இருந்தால் அதை 'ஹை' என்று வையுங்கள். மின்சேமிப்பு, சூழலொளி உணரி இரண்டையும் அணையுங்கள். எச்டிஆரில் ஒவ்வொரு பிக்சலுக்கும் இவ்வளவு நிட் என்று சிக்னலே சொல்லிவிடுகிறது. மின்சேமிப்பு அந்தக் கணக்கையே கெடுக்கிறது.

அடுத்து, பலர் கவனிக்காத ஒன்று. கேம் மோடுக்குள் நிழலைத் தூக்கிக்காட்டும் வசதிகள் ஒளிந்திருக்கின்றன. எல்ஜியில் 'பிளாக் ஸ்டெபிலைசர்', சோனியில் 'பிளாக் ஈக்வலைசர்' என்று பெயர். இருட்டில் ஒளிந்திருக்கும் எதிரியைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டவை இவை; போட்டி ஆட்டக்காரருக்குப் பயன்படும். கதை சொல்லும் கேமை ஆடுபவருக்கோ இவை கறுப்பை அழிக்கும் கருவிகள். கேம் வகை என்று ஒரு தெரிவு இருந்து, அதில் சுடும் கேம் என்று தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் இது உங்களுக்குத் தெரியாமலே கூடியிருக்கலாம். வகையை 'ஸ்டாண்டர்டு' என்று மாற்றி, இந்த வசதியை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள்.

டோன் மேப்பிங், அதாவது அதிக ஒளியைத் திரையின் எல்லைக்குள் சுருக்குவது பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். கேம் 4,000 நிட் சூரியனை அனுப்புகிறது, உங்கள் டிவி 800 நிட் வரைதான் காட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியை யார் சுருக்குவது? டிவி சுருக்கினால், காட்சிக்குக் காட்சி தன் விருப்பப்படி வளைவை மாற்றும்; நடுத்தர ஒளியையும் சேர்த்துத் தூக்கிவிடும். படம் பளிச்சென்று தெரியும், ஆனால் ஆழம் போய் மேலோட்டமாக வெளுத்திருக்கும். கேமும் சுருக்கி, டிவியும் சுருக்கினால் இரட்டைச் சேதம். இதற்காகவே 2018-இல் கேம் நிறுவனங்களும் டிவி நிறுவனங்களும் சேர்ந்து எச்ஜிஐஜி என்ற குழுவை அமைத்தன. அந்தப் பெயரிலேயே டிவியில் ஒரு தெரிவு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அந்த முறையில் டிவி தன் எல்லைவரை உள்ளதை உள்ளபடி காட்டிவிட்டு, எல்லைக்கு மேலே வருவதை வெட்டிவிடும். கேமிடம் அந்த எல்லையைச் சொல்லிவிட்டால் கேமே அழகாகச் சுருக்கிக்கொள்ளும். எச்ஜிஐஜி இல்லாத டிவியில் டைனமிக் டோன் மேப்பிங்கை அணைத்துவையுங்கள்.

முதல் நாள் இது சற்று மங்கலாகத் தோன்றலாம். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 5: விண்டோஸ் அளவீடு

டிவியின் அமைப்பு முடிந்த பிறகே இங்கே வர வேண்டும். விண்டோஸ் 11-க்காக மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 'விண்டோஸ் எச்டிஆர் காலிபரேஷன்' என்ற இலவசச் செயலி இருக்கிறது. அது மூன்று சோதனைப் படங்களைக் காட்டும்: மிகக் குறைந்த ஒளி, சிறு பகுதியின் உச்ச ஒளி, முழுத்திரையின் உச்ச ஒளி. ஒவ்வொன்றிலும் உள்ளே தெரியும் வடிவம் மறையும் புள்ளிவரை நகர்த்துங்கள், அந்தப் புள்ளியில் நிறுத்துங்கள். ஓஎல்இடி என்றால் முதல் படத்தில் 0 என்றே வரும். எச்ஜிஐஜியில் இருந்தால் இரண்டாம் படத்தில் வடிவம் உங்கள் டிவியின் உண்மையான உச்சத்தில் மறையும். டைனமிக் டோன் மேப்பிங் இயங்கிக்கொண்டிருந்தால் ஆயிரக்கணக்கில் போனாலும் மறையாது. அப்படி நடந்தால் படி 4-க்குத் திரும்புங்கள்.

கடைசியில் நிறச்செறிவை மாற்ற ஒரு பக்கம் வரும். இயல்புநிலையிலேயே விட்டுவிடுங்கள்.

செயலி ஒரு நிறச் சுயவிவரத்தைச் சேமிக்கும். முன்பு செய்த பழைய சுயவிவரங்கள் இருந்தால் விண்டோஸின் நிற மேலாண்மைப் பக்கத்தில் நீக்கிவிடுங்கள். டிவி மாற்றியபோதோ பட முறை மாற்றியபோதோ மிஞ்சிப்போன சுயவிவரம் தவறான எல்லையைக் கேமிடம் சொல்லிக்கொண்டிருக்கும்.

இப்போது டெஸ்க்டாப் மங்கல் பற்றி. எச்டிஆர் இயங்கும்போது சாதாரண எஸ்டிஆர் சாளரங்களின் வெள்ளை எவ்வளவு நிட் என்பதை எச்டிஆர் அமைப்புப் பக்கத்தில் உள்ள 'எஸ்டிஆர் உள்ளடக்கப் பிரகாசம்' என்ற நகர்த்தி தீர்மானிக்கிறது. வெளித்திரைகளில் அது 0-இல் 80 நிட், 100-இல் 480 நிட். இருட்டறையில் 30-ஐ ஒட்டி வைத்தால் ஏறத்தாழ 200 நிட் கிடைக்கும், கண்ணுக்கு இதமாக இருக்கும். டெஸ்க்டாப் சாம்பலாகத் தெரிந்தால் பெரும்பாலும் இந்த நகர்த்தி மிகக் கீழே இருக்கும். எச்டிஆருக்காகவே எழுதப்பட்ட கேம்களின் படத்தை இது பொதுவாகத் தொடுவதில்லை.

நகர்த்தியைச் சரிசெய்த பிறகும் எஸ்டிஆர் கேம்களின் நிழல் வெளிறியே இருக்கும். இது உங்கள் அமைப்பின் குறை இல்லை. எஸ்டிஆர் படத்தை எச்டிஆருக்குள் வைக்கும்போது விண்டோஸ் எஸ்ஆர்ஜிபி வளைவைப் பயன்படுத்துகிறது. பெரும்பாலான திரைகளும், அவற்றைப் பார்த்து நிறம் தீட்டிய கலைஞர்களும் பழகியது 2.2 காமா என்ற வேறொரு வளைவு. இரண்டும் நடு ஒளியில் ஏறத்தாழ ஒன்றே, இருட்டில்தான் பிரிகின்றன. 255-க்கு 10 என்ற மிக இருண்ட மதிப்பை எடுத்துக்கொண்டால், 2.2 காமா தரும் ஒளியைப்போல எஸ்ஆர்ஜிபி வளைவு ஏறத்தாழ நான்கு மடங்கு தருகிறது. 20-இல்கூட இரு மடங்கை நெருங்குகிறது. கறுப்பை முழுமையாகக் காட்டும் ஓஎல்இடி திரையில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

இதற்கு 2.2 காமாவுக்குத் திருத்தும் சுயவிவரங்களைப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். அவை வேலை செய்கின்றன, ஆனால் உண்மையான எச்டிஆர் கேமைத் திறக்கும்போது அகற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அங்கே நிழல் கறுத்துப் புதைந்துவிடும். எஸ்டிஆர் கேம் ஆடும்போது எச்டிஆரை அணைத்துவிடுவதே இதைவிடத் தொல்லையில்லாத வழி. மூன்று விசைகள்தானே.

படி 6: ஆட்டோ எச்டிஆர்

எச்டிஆர் இல்லாத டைரக்ட்எக்ஸ் 11, 12 கேம்களுக்கு விண்டோஸ் 11 தானே எச்டிஆர் சேர்க்கும் வசதி இது. மேலே சொன்ன நிழல் வெளிறல் இதிலும் உண்டு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் எச்டிஆர் 2024-இல் வந்தது. கார்டுக்குச் சற்றுப் பாரம் அதிகம், ஆனால் கான்ட்ராஸ்ட், செறிவு, நடுச்சாம்பல் ஆகியவற்றை நாமே அமைத்துக்கொள்ளலாம். முக்கியமானது ஒன்று: ஒரு கேமுக்கு ஒன்றே. இரண்டையும் சேர்த்து இயக்குவதும், கேமின் சொந்த எச்டிஆரின் மேல் இவற்றைப் போடுவதும் படத்தைக் கெடுக்கும்.

படி 7: கேமுக்குள்

விண்டோஸில் எச்டிஆரை இயக்கிய பிறகே கேமைத் தொடங்குங்கள். பல கேம்கள் தொடங்கும்போது மட்டுமே திரையை விசாரிக்கும்; நடுவில் மாற்றினால் கேம் எஸ்டிஆரிலேயே ஓடிக்கொண்டிருக்கும், டிவி மட்டும் எச்டிஆரில் இருக்கும்.

உள்ளே மூன்று அமைப்புகளை எதிர்பார்க்கலாம். உச்ச ஒளி: காலிபரேஷன் செயலி தந்த இரண்டாம் எண்ணை அப்படியே கொடுங்கள். வெள்ளைத்தாள் ஒளி, 'பேப்பர் ஒயிட்' என்ற பெயரில் வருவது: சுவர், காகிதம், மேகம் போன்ற சாதாரண வெள்ளையின் அளவு. 200 நிட்டில் தொடங்குங்கள். வெளிறிய எச்டிஆரின் கடைசி ரகசியம் பெரும்பாலும் இங்கே இருக்கிறது. உச்ச ஒளி 800 ஆக இருக்கும் டிவியில் வெள்ளைத்தாளை 500-க்கு ஏற்றிவிட்டால், விளக்குச் சுடருக்கும் வெள்ளைச் சுவருக்கும் இடையே இடமே இருக்காது. எல்லாம் ஒரே வெளிச்சத்தில் தட்டையாகிவிடும். பகலில் ஆடுபவர் 250 அல்லது 300 வரை ஏற்றலாம். மூன்றாவது கறுப்புப் புள்ளி: கேம் காட்டும் சின்னம் மறையும் எல்லையில் நிறுத்துங்கள், அதற்குமேல் ஏற்ற வேண்டாம்.

சில கேம்களின் எச்டிஆரே கறுப்பைத் தூக்கிவைத்து எழுதப்பட்டிருக்கிறது. எல்லாப் படிகளும் முடிந்து, மற்ற கேம்கள் நன்றாக இருந்து, இது மட்டும் புகைபடிந்திருந்தால் உங்கள் டிவியை மறுபடி நோண்ட வேண்டாம். அந்தக் கேமின் எச்டிஆரை அணைத்துவிட்டு எஸ்டிஆரில் ஆடுங்கள், அல்லது ஆட்டோ எச்டிஆரை முயன்று பாருங்கள்.

இருட்டுக் காட்சிகளில் மட்டும் சாம்பல் நிறம் துடிப்பதுபோல் தெரிந்தால் கேமின் வேகத்துக்கேற்பத் திரையின் புதுப்பிப்பு வேகத்தை மாற்றும் விஆர்ஆர் வசதியை அணைத்துச் சோதியுங்கள். ஓஎல்இடி திரைகளில் புதுப்பிப்பு வேகம் மாறும்போது கறுப்பை ஒட்டிய பகுதியின் காமா நழுவுவது அறிந்த பிரச்சினை. கேமின் பிரேம் வேகம் நிலையாக இருக்கும்படி தரத்தைச் சற்றுக் குறைத்தால் துடிப்பு வெகுவாக அடங்கும்.

எல்லாம் செய்தும் வெளிறல் போகவில்லையா?

அப்படியானால் டிவியின் எல்லையை நேர்மையாகப் பார்க்க வேண்டும். எச்டிஆர் சிக்னலை ஏற்றுக்கொள்வது வேறு, அதைக் காட்டும் திறன் இருப்பது வேறு. உச்ச ஒளி 300 நிட்டை ஒட்டி இருந்து, பகுதிவாரி மங்கலும் இல்லாத எல்சிடி டிவி, பெட்டியில் எச்டிஆர் சின்னம் இருந்தாலும், பின்னொளி முழுவதையும் உச்சத்துக்கு ஏற்றித்தான் அந்தப் படத்தைக் காட்ட முடியும். அதனால் கறுப்பும் சேர்ந்து எழும்பும். அத்தகைய டிவியில் எஸ்டிஆர் படமே அழகு. அதில் ஆடுவதால் நீங்கள் எதையும் இழப்பதில்லை.

தீர்மானிக்க ஒரு வழி. இரவில் விளக்கை அணைத்து, தீப்பந்தம் எரியும் குகைபோல இருட்டும் சுடரும் கலந்த ஒரே இடத்தில் கேமைச் சேமியுங்கள். முதலில் எஸ்டிஆரில் பாருங்கள். கேமை மூடி, எச்டிஆரை இயக்கி, மறுபடி அதே இடத்தைத் திறங்கள். சுடர் மட்டும் மேலும் ஒளிர்ந்து, சுற்றியுள்ள இருட்டு அப்படியே இருந்தால் எச்டிஆரை வைத்துக்கொள்ளுங்கள். சுடரோடு இருட்டும் சேர்ந்து வெளுத்தால் எச்டிஆரை அணைத்துவிட்டு, டிவியில் எஸ்டிஆருக்கான கேம் மோடில் காமாவை 2.2 என்றும், கறுப்பு அளவைப் படி 3-இல் சொன்னபடியும் வைத்து ஆடுங்கள்.